கண்மாயைப் புதர்க்காடாக்கிய ஒரு சொடுக்கு

எங்கள் ஊர்க் கண்மாயை, யார் வேண்டுமானாலும் வரையவும் திருத்தவும் கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து முடிக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கைப்பேசியில் ஜிபிஎஸ் தடத்தைப் பதிவு செய்தபடி கரைமேல் நடந்து, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை எங்கே, நிறைந்தால் மிகுநீர் வழியும் கலுங்கு எங்கே, நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்த இடத்தில் உள்ளே விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து, நடுவில் இருக்கும் திட்டைத் தனி வளையமாகப் பிரித்து, ஆண்டு முழுவதும் இங்கே தண்ணீர் நிற்காது என்பதைச் சொல்லும் 'இன்டர்மிட்டன்ட்=யெஸ்' என்ற குறிச்சொல்லையும் மறவாமல் சேர்த்திருந்தேன். போன வாரம் திறந்து பார்த்தால் கண்மாயைக் காணவில்லை. அந்த இடத்தில் வெளிர்பச்சையில் ஒரு புதர்க்காடு படுத்திருக்கிறது. எங்கோ இருக்கும் ஒரு பயனர், ஏதோ ஒரு கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, 'நேச்சுரல்=வாட்டர்' என்று இருந்ததை 'நேச்சுரல்=ஸ்க்ரப்' என்று மாற்றிவிட்டார். மாற்றத்துக்கு அவர் எழுதிய விளக்கம், 'சரிசெய்தேன்' என்னும் பொருளில் ஒற்றைச் சொல்.

அவர் கண்ட பச்சை, சீமைக்கருவேலம். வைகையின் தெற்கே எந்தக் கண்மாயின் உள்வாயைப் பார்த்தாலும் சித்திரை, வைகாசியில் அதுதான் மண்டிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டி வரத்துக்கால் ஓடத் தொடங்கினால், அதே இடத்தில் ஆள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் கரைக்குக் கீழே நாற்று நடுகிறார்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் மிகப் பல, ஆண்டில் பாதி நாள் வறண்டுதான் கிடக்கின்றன. வறண்டு கிடப்பதால் அது கண்மாய் இல்லை என்றால், அறுவடை முடிந்த வயலையும் வெட்டவெளி என்று மாற்றிவிடலாமே!

இதில் அந்த ஒருவரை மட்டும் திட்டி என் ஆத்திரம் தீரப்போவதில்லை, ஏனென்றால் சிக்கல் குறிச்சொற்களிலிருந்தே தொடங்குகிறது. 2004இல் இங்கிலாந்தில் பிறந்த திட்டம் என்பதால் இதன் சொற்களஞ்சியம் அந்த மண்ணின் வாடையோடுதான் இருக்கிறது. 'ஹைவே=அன்கிளாசிஃபைடு' என்றால் வகை தெரியாத சாலை என்று நினைத்து, பெயர் தெரியாத தெருவையெல்லாம் அதில் தள்ளும் புதியவர்களை நாள்தோறும் பார்க்கிறேன்; அது உண்மையில் ஊரையும் ஊரையும் இணைக்கும் சிறு சாலைக்குப் பிரித்தானியர் வைத்திருக்கும் வகைப்பெயர். தண்ணீர் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். நம்மிடம் ஏரி, கண்மாய், குளம், குட்டை, ஊருணி, ஏந்தல், தாங்கல், தெப்பக்குளம் என்று ஒவ்வொன்றுக்கும் பயன் சார்ந்த ஒரு பெயர் இருக்க, அங்கே இவை எல்லாவற்றையும் லேக், பாண்ட், ரிசர்வாயர் என்ற மூன்று நான்கு பெட்டிகளுக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வருவாய்ப் பதிவேடுகளில் கண்மாயை 'டேங்க்' என்று எழுதினார்களே, அதையாவது பயன்படுத்தலாம் என்றால், இங்கே 'டேங்க்' என்பது எண்ணெயோ தண்ணீரோ அடைத்து வைக்கும் தொட்டி. சரி, ரிசர்வாயர் என்றே வைத்துக்கொள்வோம் என்று இறங்கினால், அதற்கும் இரண்டு வழிகள்: 'லேண்ட்யூஸ்=ரிசர்வாயர்' என்பது பழைய வழி; 'நேச்சுரல்=வாட்டர்' என்று போட்டு அதன் கீழ் 'வாட்டர்=ரிசர்வாயர்' என்று சேர்ப்பது 2011இல் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட புதிய வழி. மனிதன் மண்வெட்டியால் வெட்டிக் கரை எடுத்த கண்மாயை 'நேச்சுரல்' என்று எழுத எனக்கு இன்னமும் கை கூசுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'உனக்கு விருப்பமான எந்தக் குறிச்சொல்லையும் இடலாம்' என்பது இந்தத் திட்டத்தின் பெருமைக்குரிய கொள்கை. நானும் நம்பி 'வாட்டர்=கண்மாய்' என்று இட்டால், எந்தச் செயலிக்கும் அதன் பொருள் தெரியாது; தேடுகிறவருக்கும் கிடைக்காது. முறைப்படி முன்மொழிந்து வாக்குக்கு விடலாமே என்பார்கள். எட்டு ஆதரவு வாக்குகளும் முக்கால் பங்கு பெரும்பான்மையும் கிடைத்தால் ஒரு குறிச்சொல் ஏற்கப்பட்டதாகிவிடும் என்பது கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விவாதம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. கலுங்குக்கும் மடைக்கும் வேறுபாடு தெரிந்த, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும் நீர்ப்பாய்ச்சிகள் அங்கே வந்து வாதாடப்போவதில்லை.

அடுத்தது தொகுப்புக் கருவிகள். 2013 முதல் உலாவியிலேயே இயங்கும் ஐடி (iD) என்ற வரைபடத் தொகுப்பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நானும் அதில்தான் பழகினேன். ஆனாலும் அது குறிச்சொல்லை மறைத்துப் படத்தோடு கூடிய ஒரு பட்டியலைத்தான் முதலில் நீட்டுகிறது. புதியவர் அந்தப் பட்டியலில் கண்ணுக்குப் பட்டதைச் சொடுக்கினால் முன்பிருந்த வகை போய்ப் புதிய வகை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு முன் இதை யார் வரைந்தார், நேரில் பார்த்து வரைந்தாரா, ஏன் அப்படிக் குறித்தார் என்பவை எதுவும் அவர் கண்முன் தானாக வந்து நிற்பதில்லை. தேடிப் போனால் வரலாறு கிடைக்கும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாவட்டத்தையே திருத்தக் கிளம்பியவர் ஏன் தேடப்போகிறார்? பழைய குறிச்சொல் கண்ணில் பட்டால் மேம்படுத்தவா என்று பொத்தான் நீட்டத் தெரிந்த கருவிக்கு, 'இது ஆறு மாதம் வறண்டிருக்கும் என்று ஏற்கெனவே குறித்திருக்கிறார்கள், உறுதியாக மாற்றவா?' என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியக்கூடாதா?

கண்மாயைப் புதராக்கியவர் அதன் பெயரையும் விட்டுவைக்கவில்லை. தமிழ்ப் பெயருக்குரிய புலத்தில் 'பெரிய கண்மாய்' என்று நான் எழுதியது பிழைத்துக்கொண்டது. பொதுப் பெயராக ஆங்கில எழுத்தில் இட்ட 'பெரிய கண்மாய்' மட்டும் 'பிக் லேக்' என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் எவரிடமாவது போய் பிக் லேக்குக்கு வழி கேட்டுப் பாருங்கள்.

பழைய நிலைக்குத் திருப்புவதும் எளிதாக இல்லை. அவருடைய மாற்றத்துக்குப் பிறகு வேறு இருவர் அதே கரைக்கோட்டைத் தொட்டிருக்கிறார்கள். ஒருவர் அதைத் துண்டாக்கிப் பாதியைச் சாலையோடு ஒட்டியிருக்கிறார். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் ஜேஓஎஸ்எம் என்ற இன்னொரு தொகுப்பியில், மாற்றங்களைத் திருப்பும் செருகுநிரலை ஓட்டினால் முரண்பாட்டுப் பட்டியல் வருகிறது. அவருடைய மாற்றத்தின் கீழ் பணிவாக ஒரு குறிப்பு எழுதி, கலுங்கில் மறுகால் பாயும்போது எடுத்த நிழற்படத்தின் இணைப்பையும் வைத்து ஐந்து நாளாகிறது. பதில் இல்லை. இதற்கிடையில் அவர் பக்கத்து ஊர்க் கண்மாய்க்குப் போய்விட்டார்.