அந்த 7 மாத்திரைகளை விட்டுவிடலாம்
மாதவிடாய் நாட்களில் திருநம்பிகள் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்கள்) படும் மனவுளைச்சலுக்குக் கருத்தடை மாத்திரை உதவும் என்கிறது கட்டுரை. எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லவில்லையே! 21 ஹார்மோன் மாத்திரைகளோடு 7 வெற்று மாத்திரைகள் சேர்ந்த 21+7 வகை அட்டையில் கடைசி 7 மாத்திரைகளில் ஹார்மோன் கிடையாது. அவற்றை விட்டுவிட்டு மறுநாளே புது அட்டையைத் தொடங்கினால் பெரும்பாலும் மாதவிடாய் வராது. தொடக்கத்தில் 3 முதல் 6 மாதம் வரை ரத்தக்கறை திட்டுத்திட்டாகப் படலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையை மறந்தால் கறை கூடும்.

கண்முன் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலியோ, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்த பிரச்சினையோ இருந்தவர்களுக்கு இந்த மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஆகவே ஆகாது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டின் ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை, 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, கருப்பைக்குள் பொருத்தும் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் (ஒரு வகை புரோஜெஸ்டின்) சாதனம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சாதனம் பொருத்தும் பரிசோதனையே தாங்க முடியாதென்றால் மயக்க மருந்து கேட்கத் தயங்காதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுத்துக்கொள்வதால் மாதவிடாய் நின்றாலும் கரு தரிக்கலாம்.