சளியில் டிபி இல்லையென்றால் நுரையீரலில் கிருமியே இல்லையா?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (பிறவியிலேயே வந்து, நுரையீரலில் சளியைக் கெட்டியாக்கும் நோய்) பற்றி அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிள்ளைக்குச் சளி டெஸ்டுல டிபி இல்லன்னு வந்துட்டா நெஞ்சு சுத்தம். மருந்த நிறுத்திருங்க." இது தவறு. உயிருக்கே ஆபத்தான தவறு.

டிபி பரிசோதனை தேடுவது காசநோய்க் கிருமியை மட்டும்தான். இந்தப் பிள்ளைகளின் கெட்டியான சளியில் குடியேறுபவை வேறு. சிறுவயதில் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ், பிறகு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாக்கள். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையும் வரும். இவற்றைக் கண்டுபிடிக்கத் தனியாகச் சளி கல்ச்சர், அதாவது சளியிலுள்ள கிருமிகளை லேப்பில் தட்டில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பர்கோல்டேரியா என்றொரு பாக்டீரியா. 1950-ல் வெங்காய அழுகலுக்குக் காரணமாக முதலில் விவரிக்கப்பட்டது. மெதுவாக வளரும். சாதாரணத் தட்டில் சூடோமோனாஸ் வேகமாகப் படர்ந்து அதை மறைத்துவிடும். மற்றவற்றை அடக்கும் மருந்து கலந்த தனி ஊடகத்தில் (கிருமி வளர்க்கும் சத்துப் பொருளில்) வளர்த்தால்தான் பிடிபடும். பூஞ்சைக்கும் வேறு ஊடகம், கூடுதல் நாட்கள். அதனால் பரிசோதனைச் சீட்டில் 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்று எழுதித் தரும்படி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் லேப்பில் வழக்கமான தட்டோடு முடித்துவிடக்கூடும்.

எச்சில் வேண்டாம், ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும். சளி துப்பத் தெரியாத குழந்தைக்குத் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுப்பார்கள். நம்மூர் வெயிலில் பாளையங்கோட்டை வரை பஸ்ஸில் டப்பாவைக் கொண்டுபோனால் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும். முடிந்தால் லேப்பிலேயே எடுத்துக் கொடுங்கள்.

கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டிய பரிசோதனை இது.