அவர் பெயருக்கு முன்னால் தோட்டத்தின் பெயர் வர வேண்டும்

இந்த வருட இசை விழா அழைப்பிதழ் நேற்றிரவு வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்று முறை படித்தேன். எங்கள் பாடகர் ஐயாவின் படம் இருக்கிறது, வாங்கிய பட்டங்கள் இருக்கின்றன, சென்னையிலிருந்து வரும் பாடகரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஐயா பிறந்த ரப்பர் தோட்டத்தின் பெயர் மட்டும் எங்குமே இல்லை. "பேராக் மண்ணின் மைந்தர்" என்று போட்டிருக்கிறார்கள். மலேசியாவில் பேராக் எவ்வளவு பெரிய மாநிலம்!

பேராக்கில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட். ஊர்க்காரர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். குடும்பத்தாரிடம் இன்னும் பேசவில்லை, அதனால் பெயரை இங்கே எழுதவில்லை.

ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் ஒரு அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "தம்பி, தோட்டம் கீட்டம்னு போட்டா பணம் குடுக்கிறவங்க என்ன நினைப்பாங்க? அடுத்த வருசம் ஈப்போவுல ஹோட்டல் மண்டபத்துலயே வெச்சிடலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம். இந்த நேரத்துல போய் ஏன்?" என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. இந்த விழாவுக்காக ஓடி ஓடி உழைப்பவர். அவரும் லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். அதனால்தான் அந்தப் பேச்சு எனக்கு அப்படி வலித்தது. டவுன் பள்ளிக்குப் போன நாளில் "தோட்டத்துப் பையன்" என்று சொல்லிச் சொல்லி எங்கள் தலையைக் குனிய வைத்தார்கள். இத்தனை வருடம் கழித்து நாமே நம் கையால் அந்தச் சொல்லை அழிக்கிறோம்.

நம் இசையில் ஊர்ப் பெயர் தலையில் வைக்கிற கிரீடம். அரியக்குடி என்பது காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ராமானுஜ ஐயங்கார் அங்கே பிறக்காவிட்டால், கடல் தாண்டி இருக்கும் எனக்கு அந்த ஊரை எப்படித் தெரியும்? வர்ணத்தில் தொடங்கி, துக்கடா என்கிற சின்னப் பாட்டுகளில் முடிகிற இன்றைய கச்சேரி முறையை வகுத்துத் தந்தவர் அவர். ஆனால் ரசிகர்கள் சொல்வது "அரியக்குடி பாணி". ஆளின் பெயர்கூட வேண்டாம், ஊர் போதும். செம்மங்குடி, சீர்காழி, காருகுறிச்சி எல்லாம் அப்படித்தான். ரயிலில் பாடிக் காசு வாங்கிய ஏழைச் சிறுமி கே.பி. சுந்தராம்பாள். "கே" கொடுமுடி, "பி" அம்மா பாலாம்பாள். சட்ட மேலவைக்குப் போனபோதும், 1970இல் பத்மஸ்ரீ வாங்கியபோதும், பிறந்த ஊரும் பெற்ற தாயும் அந்த இரண்டு எழுத்தில் அவரோடு கூடவே போனார்கள். வறுமைப்பட்ட ஊர் என்று கொடுமுடியை அவர் மறைக்கவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் செம்பை என்று ஒரு கிராமம். வைத்தியநாத பாகவதரின் ஊர். 1974இல் அவர் காலமான பிறகு குருவாயூரில் ஏகாதசியை ஒட்டி நடக்கும் பெரிய இசை விழா அவர் பெயரில், அதாவது அந்தக் கிராமத்தின் பெயரில்தான் நடக்கிறது. அது போதும் என்று செம்பைக்காரர்கள் விட்டுவிடவில்லை. தங்கள் பார்த்தசாரதி கோயிலிலும் தனியாக ஒரு விழா வைக்கிறார்கள். அவருடைய சீடர் யேசுதாஸே அங்கே போய்ப் பாடியிருக்கிறார். பாலக்காட்டு நகரத்தில் வசதியான மண்டபம் இல்லாமலா அந்தக் கிராமத்துக்குப் போகிறார்கள்?

ஐயா எப்படிப் பாடகர் ஆனார் என்பதை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். விடிவதற்குள் ரப்பர் மரத்தை வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அம்மா பால் வடிகிற மங்கு துடைக்க, பையன் பின்னாலேயே வாளியோடு போவான். போகிற வழியில் சாதகம். தேவாரம் சொல்லிக் கொடுத்தவர் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர். ஒருநாள் ஐயா மேகராகக் குறிஞ்சிப் பண்ணில் சம்பந்தரின் திருவையாற்றுப் பதிகத்தைப் பாடிக்கொண்டே வந்திருக்கிறார். இன்று ஓதுவார்கள் நீலாம்பரியில் பாடுவது. அது மழை வேண்டிப் பாடுகிற பண் என்று கிராணி சொல்லியிருந்தாராம். அதைக் கேட்டதும் அம்மா, "ஐயோ சாமி, அதக் காலையில பாடாதே. மழ வந்தா இன்னிக்கு வெட்டு இல்ல, சம்பளமும் இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அந்தப் பதிகத்திலேயே, முழவுச் சத்தத்தை இடியென்று பயந்து மந்திகள் மரமேறி மேகத்தைப் பார்க்கிற காட்சி வருகிறது. நம் அம்மாக்கள் ஒவ்வொரு விடியலிலும் கித்தா (ரப்பர்) மரத்தடியில் நின்று அப்படித்தான் வானத்தைப் பார்த்தார்கள். பின்னால் ஐயா பினாங்கில் இந்தியா போகும் ரஜூலா கப்பல் ஏறி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை படித்துத் திரும்பினார். ஆனால் அந்தப் பதிகத்தை மேடையில் எடுக்கும்போதெல்லாம் முதலில் அம்மா கையைப் பிடித்த கதையைச் சொல்லாமல் பாட மாட்டார். நானே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் சபையில் இருந்த கிழவிகள் அழுதார்கள். ஈப்போ ஹோட்டலில் அந்தப் பதிகத்தை யாராவது சுத்தமாகப் பாடிவிடலாம். அழுவதற்கு அங்கே யார் வருவார்கள்?

எங்கள் ஊர்ப் பெயர் வரலாற்றுப் பாடத்தில் வருவது துப்பாக்கிச் சத்தத்தோடுதான். 1948 ஜூன் 16, ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 12 ஆண்டு அவசரகாலம் அதிலிருந்து தொடங்கியது. பிள்ளைகள் அதைப் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். அதே மண்ணில் ஒரு குரலும் பிறந்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பணம் கொடுப்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். பத்து வெள்ளியில் தோட்டத்தையே வாங்கிய கூட்டம் நாம். நம் விழாவின் முதல் வருடத்தையும் அப்படித்தான் நடத்தினோம். தாமான் என்கிற குடியிருப்புகளுக்குச் சிதறிப்போன பழைய தோட்டத்துக் குடும்பங்கள் பத்தும் இருபதுமாகக் கொடுத்தன. சாப்பாடு மிஞ்சியது. அன்று யாரும் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வெட்கப்படவில்லை.

லயங்கள் இப்போது இல்லை. கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. மாரியம்மன் கோயிலும் அரச மரமும்தான் மிச்சம். அழைப்பிதழில் தோட்டத்தின் பெயர் வர வேண்டும். அதுவும் அடைப்புக்குறிக்குள் இல்லை, ஐயாவின் பெயருக்கு முன்னால். விழா நாள் காலையில் ஒரு மணி நேரமாவது அந்தக் கோயில் வாசலில் நம் பிள்ளைகள் தேவாரம் பாட வேண்டும். சென்னைப் பாடகர் சாயங்காலம் டவுனில் பாடட்டும், நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். ஹோட்டல் பேச்சு மட்டும் வேண்டாம்.

இது என் ஆசை மட்டும் என்று நினைக்காதீர்கள். அப்பாவிடம் ஐயா கொடுத்த ஒரு கேசட் இருக்கிறது. அதன் அட்டையில் நீல மையில் அவர் கைப்பட எழுதியிருப்பது: முதலில் தோட்டத்தின் பெயர், பிறகு தலைப்பெழுத்து, பிறகு அவர் பெயர். அரியக்குடி, செம்மங்குடி எழுதுகிற மாதிரியே.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வருகிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று இருந்தால் தூசு தட்டி எடுத்து வாருங்கள். பாட்டு ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அட்டை இருந்தால் போதும்.