அவர் போகிறேன் என்று சொல்லவே இல்லை

இதை எழுதுவது 2025 மே மாதம். யானிஸ் அணி மாறப்போகிறார் என்று நேற்றிலிருந்து அந்தச் செய்தியை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். அமெரிக்கக் கூடைப்பந்துச் செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா எழுதியதை இரண்டு முறை படித்தேன். மில்வாக்கி அணியிலேயே இருப்பதா, வேறு அணி பொருந்துமா என்று யோசிக்க அதன் நட்சத்திர ஆட்டக்காரர் யானிஸ் தயாராக இருக்கிறார், இன்னும் முடிவெடுக்கவில்லை. செய்தி இவ்வளவுதான். முடிவெடுக்கவில்லை என்பதும் அதே செய்தியில்தான் இருக்கிறது. அதை மட்டும் யாருமே எனக்கு ஃபார்வர்டு செய்யவில்லை.

அதே நாள் டிராஃப்ட் லாட்டரி வேறு, புது ஆட்டக்காரர்களை எந்த அணி எந்த வரிசையில் தேர்ந்தெடுக்கும் என்பதற்கான குலுக்கல். சான் அன்டோனியோ அணிக்கு இரண்டாவது பிக் (தேர்வு உரிமை) விழுந்தது, உடனே அதைக் கொடுத்து யானிஸை வாங்கலாம், ஹூஸ்டன் யாரையெல்லாம் கொடுக்கலாம், புரூக்ளினிடம் எத்தனை பிக் இருக்கிறது என்று கணக்கு ஆரம்பித்துவிட்டது. நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் யானிஸுக்கு வேறு அணியின் ஜெர்சியே மாட்டிப் படம் போட்டுவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் போகிறேன் என்று சொல்லவே இல்லை. அவருடைய ஒப்பந்தம் குறைந்தது 2027 கோடை வரை இருக்கிறது.

இரண்டு வாரம் முன்பு பிளேஆஃப் முதல் சுற்றில் இந்தியானா அணிக்கு எதிரான அந்த ஐந்தாவது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யானிஸ் 30 புள்ளி, 20 ரீபவுண்டு (தவறிய பந்தைப் பிடிப்பது), 13 அசிஸ்ட் (அடுத்தவர் கூடை போட உதவும் பாஸ்). அணியின் இன்னொரு நட்சத்திரம் லில்லார்டுக்கு முந்தைய ஆட்டத்தில்தான் குதிகால் தசைநார் அறுந்திருந்தது. 2013-இல் யானிஸோடு சேர்ந்தே மில்வாக்கிக்கு வந்த மிடில்டனை பிப்ரவரியில் வாஷிங்டனுக்கு அனுப்பியாகிவிட்டது. கூடுதல் நேரத்தில் கடைசி நாற்பது விநாடிக்கு ஏழு புள்ளி முன்னிலை இருந்தது, அதுவும் கைநழுவி ஒரே புள்ளியில் தோல்வி. ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அந்த வலி ஆறுவதற்குள் எப்போது கிளம்புகிறார் என்று வாசலில் போய் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் வியாபாரம், உணர்ச்சிவசப்படாதே என்பார்கள். சரி, வியாபாரம்தான். அந்தக் காலத்து நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பாரும் 1975-இல் மில்வாக்கியை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். ஆனால் கரீம் தானே அணியிடம் போய்ச் சொன்னார், எனக்கு வேறு ஊர் வேண்டும் என்று. அது அவருடைய வார்த்தை. இங்கே யாருடைய வார்த்தை இருக்கிறது?

2023-இல் யானிஸே சொன்னாரே, அணி பட்டத்துக்காக உழைக்காவிட்டால் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று, அதைச் சொல்வார்கள் அடுத்து. ஆமாம், சொன்னார். அந்த ஆகஸ்டில் சொன்னார், செப்டம்பரில் லில்லார்ட் வந்தார், அக்டோபரில் மூன்று வருடத்துக்கு 186 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு இரண்டாவது பாதியை மறந்துவிட்டால் எப்படி? 2020-லும் இதே கதைதான். ஒரு வருடம் முழுக்க மயாமிக்குப் போகிறார், டொரண்டோவுக்குப் போகிறார் என்றார்கள். டிசம்பரில் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அன்று தப்பாகச் சொன்ன யாரும் அதற்காக வருத்தம் தெரிவித்து நான் பார்க்கவில்லை.

மூன்று வருடமாக முதல் சுற்றிலேயே வெளியே வருகிறார்களே, அவருக்கும் முப்பது வயதாகிவிட்டதே என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. அது உண்மை. அணி நன்றாக இல்லை. அதை அவர் யோசிக்கட்டும். யோசிப்பதும் கிளம்புவதும் ஒன்றில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், இதே மாதிரி ஒன்று எனக்கே நடந்திருக்கிறது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஒன்பது வருடம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். கூடப் படித்த நண்பன் ஒருவன் வேறொரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தான். தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவனோடு பேக்கரியில் அரை மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்தேன். அதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மறுநாளே நான் கிளம்பப்போகிறேன் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. இரண்டு வாரத்தில் முக்கியமான மெயில்களில் என் பெயர் இல்லை. நானே வளர்த்த பையர், அதாவது சரக்கு வாங்குபவர், ஊரிலிருந்து வந்தபோது மீட்டிங்குக்கு வேறொரு பையனை அனுப்பினார்கள். "எப்ப ரிலீவ் ஆகறீங்க?" என்று முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டார். நான் போகவில்லை சார் என்றேன். நம்பவில்லை. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு உண்மையிலேயே பேப்பர் போட்டேன். "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்றார்கள். ஒன்பது வருடம் இருந்த இடம். இப்போதும் அந்தத் தெரு வழியாக வண்டியில் போனால் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

உங்களையும் கோடீஸ்வர ஆட்டக்காரரையும் ஒப்பிடலாமா என்று கேட்காதீர்கள். பணத்தை ஒப்பிடவில்லை. ஒருவன் உள்ளே இருக்கும்போதே அவனை வெளியே நிறுத்திப் பேசுவதைச் சொல்கிறேன்.

யானிஸ் ஏதென்ஸ் தெருக்களில் வாட்ச்சும் கண்ணாடியும் விற்ற பையன். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள், கிரேக்கத்தில் பிறந்து வளர்ந்தும் பதினெட்டு வயதில்தான் குடியுரிமை கிடைத்தது. பதினைந்தாவது பிக்காக மில்வாக்கிக்கு வந்து, கையிலிருந்த காசையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு டாக்ஸிக்குப் பணமில்லாமல் அரங்கத்தை நோக்கி ஓடியவர், வழியில் ஒரு தம்பதி காரில் ஏற்றிப் போய் விட்டார்கள். அந்த முதல் வருடம் அணி ஜெயித்தது 82 ஆட்டத்துக்கு 15. எட்டாவது வருடம் பட்டம், அந்த ஊருக்கு ஐம்பது வருடம் கழித்து.

அந்தப் பட்டத்தை ஜெயித்த ஆட்டம் 2021 ஜூலை 21, நமக்குக் காலை ஆறரை. சத்தம் வராமல் போனில் பார்த்தேன். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) போடத் தெரியாதவர் என்று அந்த சீசன் முழுக்க அவரை ஏளனம் செய்தார்கள், பந்தைக் கையில் வாங்கியதும் எறிய அவர் எடுக்கும் நேரத்தை வெளியூர் அரங்கங்களில் ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமாக எண்ணினார்கள். அன்று 19-க்கு 17 போட்டார். மொத்தம் 50 புள்ளி. ஆட்டம் முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும்தான். காபியோடு வந்த அம்மா பதறிப்போய் யாருக்கு என்னடா ஆச்சு என்று கேட்டார்.

நாளைக்கே அவர் போகிறேன் என்று சொன்னால் நான் வருத்தப்படுவேன், ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டேன். போக எல்லா உரிமையும் அவருக்கு இருக்கிறது. ஆனால் அவர் சொல்லட்டும்.

குழுவில் அந்தப் படத்தைப் போட்ட நண்பருக்கு: தம்பி, உன் மேல் கோபம் இல்லை, அதை மட்டும் எடுத்துவிடு. இந்தப் பதிவின் கீழே யாரும் ட்ரேட் கணக்கு போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவேன்.