மெட்டுக்குப் பேச்சு இல்லை, பேச்சுக்கு மெட்டு

மினிமலிசம் (சின்னச் சின்ன இசைத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கட்டும் மேற்கத்திய இசைப் பாணி) என்றாலே ஒரே துணுக்கை அரைத்துக்கொண்டிருப்பது என்று ஒரு கிண்டல் உண்டு. சில படைப்புகளுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் ‘டிஃபரண்ட் டிரெயின்ஸ்’ (‘வேறு வேறு ரயில்கள்’) கேட்டவர்கள் அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவேன்.

1988-ல் க்ரோனோஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் தந்தி இசைக்குழுவுக்காக எழுதியது. மூன்று பாகம், அரை மணிக்கும் குறைவு. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, கூடவே ஒலிநாடா. அதில் முன்பே பதிவு செய்த இன்னும் மூன்று குவார்ட்டெட் அடுக்குகள், ரயில் ஊதல்கள், அப்புறம் மனிதக் குரல்கள்.

ரைஷின் பெற்றோர் பிரிந்தவர்கள். அப்பா நியூயார்க்கில், அம்மா லாஸ் ஏஞ்சலஸில். 1939 முதல் 1942 வரை, தன்னைப் பார்த்துக்கொண்ட பெண்மணியோடு அந்தச் சிறுவன் இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் போய்வந்தான். அதே வருடங்களில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், யூதனான தான் ஏறியிருக்கக்கூடிய ரயில் வேறு, நாஜி முகாம்களுக்குப் போன ரயில் என்று பின்னாளில் அவருக்குத் தோன்றியது. அந்தப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஒரு ரயில் பணியாளர், நாஜிகளின் யூதப் படுகொலையிலிருந்து பிழைத்து வந்த மூவர்: இவர்களுடைய பேச்சிலிருந்து துண்டுகளை வெட்டி எடுத்தார்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். பெரும்பாலும் கருவிதான் முதலில் ஒரு சின்ன மெட்டை வாசிக்கும். பெண் குரலுக்கு வயோலா, ஆண் குரலுக்கு செல்லோ. யாரோ யோசித்துப் போட்ட மெட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது குரல் வரும். அட, அவர் பேசிய ஏற்ற இறக்கம்தானா இது! திரும்பத் திரும்ப வருவதால்தான் பேச்சுக்குள் இருக்கும் இசை காதில் ஏறுகிறது. ஒவ்வொரு குரலுக்கும் சுருதி வேறு, வேகமும் வேறு. குரல் மாறினால் நால்வரும் சட்டென்று மாறியாக வேண்டும். சோகத்தைக் கூட்டுவதற்கென்று தனியாக ஒரு வயலின் அழுவதில்லை.

முதல் பாகத்தில் அமெரிக்க ரயில்களின் நீண்ட ஊதல். இரண்டாவதில் ஐரோப்பிய ரயில்களின் குட்டையான கிறீச்சிடல், கூடவே அபாயச் சங்கு. தாளம் மட்டும் அதே ரயில் தாளம்.

ஒரு குறை எனக்கு இன்னும் தீரவில்லை. உயிர் பிழைத்தவர் நினைவிலிருந்து சொன்னதை நறுக்கி, சாம்ப்ளரில் (பதிவான ஒலித் துண்டுகளை விசை அழுத்தி ஒலிக்கவைக்கும் கருவி) போட்டு அழுத்த நமக்கு என்ன உரிமை? சில வாக்கியங்கள் பாதியிலேயே நிற்கின்றன. முழுதாகச் சொல்ல விட்டிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

கடைசியில் ஒரு நினைவு வருகிறது. அழகான குரல் கொண்ட ஒரு பெண். ஜெர்மானியர்கள் அவள் பாட்டை விரும்பிக் கேட்டார்களாம். நிறுத்தினால் இன்னும் பாடச் சொல்லிக் கைதட்டினார்களாம். படைப்பு அங்கேயே முடிகிறது. நேரில் கேட்டால் அடுத்த நொடி அரங்கமும் கைதட்டும். நான் ஹெட்போனிலேயே கேட்டுக்கொள்கிறேன்.