எந்த முறையில் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள்

கடைசி 2, 3 மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையை எந்த ஆய்வுகூடத்தில் எடுத்தாலும் ஒன்றுதான் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. எல்லாருக்கும் அது பொருந்தாது. களுவாஞ்சிகுடியில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு ஒரே கிழமையில் ஓரிடத்தில் 6.4, இன்னோரிடத்தில் 7.3. ரிப்போட் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அளந்த முறை ஒன்றில் எச்பிஎல்சி, மற்றதில் இம்யூனோஅசே என்று சின்ன எழுத்தில் இருந்தது. டொக்டர் உடனே மருந்தைக் கூட்டவில்லை, முதலில் இரத்தத்தை முழுதாகப் பார்க்கச் சொன்னார். அதுதான் சரி.

எச்பிஏ1சி என்பது சீனி ஒட்டிய ஹீமோகுளோபின், அதாவது செங்குருதிக் கலங்களில் இருக்கும் புரதம். அதில் ஹீமோகுளோபின் ஈ போன்ற பரம்பரை மாற்றம் இருந்தால் சில கருவிகள் பிழையாகக் காட்டும். போரோனேட் என்ற இன்னொரு அளக்கும் முறையில் அந்தக் குழப்பம் குறைவு. ஆனால் இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு எந்த முறையிலும் அளவு கூடித் தெரியலாம். செங்குருதிக் கலங்கள் சீக்கிரம் அழிந்தால் குறைத்துக் காட்டும். அப்படியானவர்களுக்கு ஃபுரக்டோசமின் என்ற வேறு இரத்தப் பரிசோதனை உதவும், அது கடைசி 2, 3 கிழமைச் சீனியை மட்டும்தான் சொல்லும். தயவுசெய்து இதையும் கட்டுரையில் சேருங்கள்.