முகாம் அக்கா ஏன் வாசலில் நிற்க வேண்டும்?

திங்கட்கிழமை கூட்டத்தில் நடந்ததை நம்மூர் ஆட்கள் பார்த்தீர்கள். சுகாதார நிலையத்தின் குறைகளைப் பேசத்தான் கூட்டம். இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமின் தலைவியான அக்கா நோட்டோடு வந்தார். "இது ஊர்க்காரர்களுக்கான கூட்டம், நீங்கள் மனுவாகக் கொடுங்கள்" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் எழுந்து சொல்லியும் கேட்கவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

கிராம சுகாதார செவிலியராக 19 வருடம் இருந்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முகாம் பாட்டி ஒருவர், "எனக்குச் சரியான வருத்தம் பிள்ளை" என்றார். வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்து, ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய், சலரோகம் என்றால் சர்க்கரை, சத்தி என்றால் வாந்தி. மறுநாள் அக்காதான் பாட்டியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. அக்கா வராமல் இருந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

முகாம் ஆண்கள் பலர் விடியும் முன்பே பெயிண்டிங் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் பத்து மணிக்குப் பிரஷர் பார்க்கப் போய், பூட்டிய வீட்டைப் பார்த்து 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிட்டு வருவோம். ராத்திரி ஏழு மணிக்கு வரச் சொன்னது அக்கா. முகாம் ஆட்களை அதிகாரிகள் நேரில் பார்த்துக் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் மாத்திரை நாளை வைக்காதீர்கள் என்று சொன்னதும் அவர்தான். இதையெல்லாம் எந்த மனுவில் எழுதுவது?

"அவர்களுக்குத்தான் அரசு பணமும் அரிசியும் கொடுக்கிறதே" என்பீர்கள். கொடுக்கிறது, சரி. 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரையே மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அதையும் மதிக்கிறேன். நான் கேட்பது அக்காவுக்கு உள்ளே ஒரு நாற்காலி. "ஓட்டு இல்லாதவர்களை எதற்குக் கூப்பிட வேண்டும்" என்று ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

ஊர்க்காரர்கள் என்றால் யார்? திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கமிருந்து எத்தனை குடும்பங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயின! 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் பிழைக்க வந்தவர்களில் அந்தப் பேரப்பிள்ளைகளும் உண்டு. இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களும் இன்னும் செக்கிங்குக்குப் போய் நிற்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. இப்போது சுகாதார நிலையத்திலுமா?

அக்கா அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் பெயரெல்லாம் வீடு வாரியாக இருக்கிறது. "நீங்களே சொல்லுங்கோ நர்சம்மா" என்றார். நான் சொல்ல மாட்டேன். அடுத்த கூட்டத்தில் அவரே உள்ளே உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.